வூட்டை வீடாகத் திருத்தியவள்

நான் ஓய்வு பெற்று ஒரு வருடம் ஆகிறது. கண்ணமங்கலத்தில் உரக்கடை மாடியில் இருக்கும் எங்கள் பழைய அலுவலகத்திலிருந்து போன மாதம் போன் வந்தது. இப்போது அங்கே வேலை செய்கிற பிள்ளைகள் ஒரு கூட்டம் வைத்திருக்கிறார்களாம். தலைப்பு 'ரிஃப்ளெக்டிவ் பிராக்டீஸ்'. சின்னக் கடைகளுக்கும் சின்னத் தொழில்களுக்கும் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுகிறவர்கள் தங்கள் வேலையைத் தாங்களே திரும்பிப் பார்ப்பது எப்படி என்று நான் வந்து பேச வேண்டுமாம்.

"எங்க காலத்துல அதுக்குப் பேரு சிவப்புப் பென்சில்" என்றேன்.

போனில் பேசிய பெண்ணுக்குப் புரியவில்லை. "அதையே எழுதிக் குடுத்துடுங்க மேடம்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள். பேச வந்தால் நான் லேசில் நிறுத்த மாட்டேன் என்று யாரோ அவளிடம் போட்டுக் கொடுத்திருக்க வேண்டும். சரி, எழுதுகிறேன்.

நான் படித்த கதை பெரிதல்ல. டைப்ரைட்டிங் லோயர், ஹையர், பிறகு வேலூரில் ஆறு மாதக் கம்ப்யூட்டர் வகுப்பு. கைப்பையில் டிபன் பாக்ஸுக்குப் பக்கத்தில் பிளாப்பி வைத்துக்கொண்டு பஸ்ஸில் போய் வந்தேன். ஒரு நாள் புளிக்குழம்பு கொட்டி மூன்று பிளாப்பிகள் உயிரை விட்டன. படிப்பு முடிந்ததும் கணேசமூர்த்தி சாரிடம் வேலைக்குச் சேர்ந்தேன். கடைசி வரை அங்கேயே இருந்தேன்.

கணேசமூர்த்தி சார் எங்கள் முதலாளி. குரலை உயர்த்தவே மாட்டார். உயர்த்தியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். திட்டினால் வீட்டில் போய் அழுதுவிட்டு மறந்துவிடலாம். அவர் சிரித்த முகத்தோடு கேள்வி கேட்பார். அதை நினைத்து நினைத்து ராத்திரிச் சோறு இறங்காது.

அவரிடம் ஒரு விதி இருந்தது. ஒரு கடைக்குப் புரோகிராம் எழுதுவதற்கு முன்னால் அந்தக் கடையில் ஒரு முழு நாள் சும்மா உட்கார வேண்டும். கம்ப்யூட்டரைத் தொடக் கூடாது. யோசனை சொல்லக் கூடாது. திரும்பி வந்ததும் நீள நோட்டில் பக்கத்தின் நடுவே கோடு போட்டு, இடது பக்கம் 'நான் பார்த்தது', வலது பக்கம் 'நான் நினைத்தது' என்று எழுதித் தர வேண்டும். சாயங்காலம் போண்டாவோடு அதைப் படிப்பார். காதில் செருகியிருக்கும் சிவப்புப் பென்சிலை எடுத்து, இடது பக்கத்து வரிகளை ஒவ்வொன்றாக அம்புக்குறி போட்டு வலது பக்கத்துக்குத் தள்ளுவார்.

"'கடைக்காரருக்கு ஞாபக மறதி அதிகம்'னு எழுதியிருக்கியேம்மா. மறதிய எங்க பாத்தே?"

"ஒரே சாமானை ரெண்டு தடவை தேடினாரு சார்."

"அப்ப ரெண்டு தடவை தேடினாருன்னுதானே எழுதணும்? மறதி நீ சேத்தது."

முதல் வருடம் என் நோட்டின் இடது பக்கம் மழித்த தலைபோல் காலியாகக் கிடந்தது. நான் எதையுமே பார்ப்பதில்லை, எல்லாவற்றையும் நினைத்துக்கொள்கிறேன் என்பது அப்போதுதான் தெரிந்தது.

விதி வீண் போகவில்லை. ஒரு டிராக்டர் உதிரிபாகக் கடைக்கு, கம்பெனி புத்தகத்தில் உள்ள ஆங்கிலப் பெயர்களை எல்லாம் வரிசையாக ஏற்றி அழகான புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். ஒருத்தரும் அதைத் தொடவில்லை. சார் என்னை மறுபடி அங்கே போய் உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேன். வருகிறவர்கள் யாரும் பெயர் சொல்லிக் கேட்கவில்லை. கெட்டுப்போன பழைய பாகத்தைக் கையில் கொண்டுவந்து, "இது மாதிரி, ஆனா மொட்டையா இருக்குமே, அது" என்றார்கள். கடைக்காரர் உள்ளே திரும்பி "குட்டை மொட்டை ஒண்ணு எடு" என்று கத்தினார். அடுத்த வாரம் என் புரோகிராமில் மொட்டை, குட்டை மொட்டை, வளைஞ்சது, ரெண்டு காது வெச்சது எல்லாம் ஏறின. வியாபாரம் ஜோராக நடந்தது. பெரிய நகரத்திலிருந்து வந்த கம்பெனி ஆள் திரையைப் பார்த்துவிட்டு, குட்டை மொட்டை எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தன் புத்தகத்தைப் புரட்டித் தேடினார்.

இவ்வளவு பட்டும் எனக்குப் புத்தி வரவில்லை என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

எனக்கு ஒரு பலவீனம் உண்டு. அச்சில் தமிழ் தப்பாக வந்தால் பொறுக்காது. அறுவடை மிஷின் வாடகைக்கு விடும் ஒருவருக்கு ரசீதுப் புரோகிராம் எழுதியிருந்தேன். அவர் வாயில் வருவதை அப்படியே அடிப்பார். 'மிஷின் நாளைக்கு வரும், வூட்ல இருங்க' என்று ஒரு ரசீது ஒரு தமிழாசிரியருக்குப் போய்விட்டது. அவர் அதைத் திருத்தி, பத்துக்கு மூன்று மதிப்பெண் போட்டு எங்கள் அலுவலகத்துக்கே திருப்பி அனுப்பினார். என் மானம் போயிற்று. அன்றே உட்கார்ந்து ஒரு திருத்தப் பட்டியல் எழுதினேன். யார் 'இன்னா' என்று அடித்தாலும் 'என்ன' என்று அச்சாகும். 'போய்ட்டு' என்றால் 'போய்விட்டு'. 'வூடு' என்றால் 'வீடு'. அதற்குப் பிறகு நான் எழுதிய எல்லாப் புரோகிராமிலும் அந்தப் பட்டியலைச் சேர்த்துவிடுவேன்.

சார் அதைப் பார்த்துவிட்டு, "அவங்க எப்படி எழுதுனாங்கன்றது நீ பாத்தது. எப்படி எழுதணும்ன்றது நீ நினைச்சது" என்றார். ஆனால் தடுக்கவில்லை. எனக்குக் கோபம் வந்தது. தமிழைத் திருத்துவதில்கூட இந்த மனிதர் குறை கண்டுபிடிக்கிறாரே என்று இரண்டு நாள் அவருக்குப் போண்டா வாங்கி வரவில்லை.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருடங்களுக்கு முன்னால் ஜவ்வாது மலையிலிருந்து அந்த வேலை வந்தது. ஜமுனாமரத்தூர் பக்கம் பெண்கள் சேர்ந்து ஒரு சாமை அரவைக்கூடம் நடத்தினார்கள். மலைக் கிராமங்களிலிருந்து வரும் சாமையைத் தோல் நீக்கிப் பொட்டலம் போட்டுக் கீழே அனுப்புவார்கள். அவர்களிடம் வாங்கும் வேலூர்க் கடைக்காரர் ஒரு நிபந்தனை போட்டார். ஒவ்வொரு பொட்டலத்திலும் அதை விளைவித்தவர் பெயரும் ஊரும் இருக்க வேண்டும். படித்தவர்கள் அதைப் பார்த்துத்தான் வாங்குகிறார்களாம். மூட்டை வந்ததும் பதிவு செய்து, பெயரோடு லேபிள் அடிக்கும் புரோகிராம் என் பொறுப்பு.

போளூரில் பஸ் மாறி, கொண்டை ஊசி வளைவுகளில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மலையேறினேன். விதிப்படி ஒரு நாள் முழுக்க அரவைக்கூடத்தில் உட்கார்ந்தேன். செயலாளர் சரோஜா சுறுசுறுப்பான பெண். மூட்டையைப் பார்த்தே யாருடையது என்று பாதி சொல்லிவிடுவாள். நெல்லிப்பட்டு என்ற ஊரிலிருந்து வரும் மூட்டைகளுக்கு மட்டும் தலையைத் தூக்கிக் கேட்டாள்:

"லட்சுமின்னா, சின்ன வூடா, பெரிய வூடா?"

காரணம் இருந்தது. அந்த ஊரில் லட்சுமி இரண்டு பேர். இருவர் கணவர் பெயரும் கோவிந்தன். அண்ணன் வழிக் குடும்பம் பெரிய வூடு, தம்பி வழிக் குடும்பம் சின்ன வூடு. மலையில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. நானும் கண்ணமங்கலத்துக்காரி, எங்கள் வாயிலும் வூடுதான். கேட்டவுடன் விளங்கிவிட்டது. விளங்கிவிட்டதால் அதைப் பற்றி மேற்கொண்டு யோசிக்கவில்லை. படிவத்தில் 'வூட்டுப் பேரு' என்று ஒரு கட்டம் சேர்த்தேன். லேபிளில் முதலில் கணவர் பெயர், பிறகு அந்தக் கட்டம், கடைசியில் பெண்ணின் பெயர். இனிஷியல் முன்னால்தானே வரும், அதே வரிசை. அச்சடித்துப் பார்த்தபோது எழுத்து லேபிளுக்குள் அடங்குகிறதா என்று ஸ்கேல் வைத்து அளந்தேன். அடங்கியது. என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கவில்லை. படித்திருந்தால் இதைத்தான் படித்திருப்பேன்:

'விளைவித்தவர்: கோவிந்தன் சின்ன வீடு லட்சுமி, நெல்லிப்பட்டு.'

வூடு என்று இருந்தவரை அது குடும்பம். என் பட்டியல் அதை வீடு என்று திருத்தியதும் அது வேறு உறவாகிவிட்டது.

அதோடு போயிருந்தாலும் பரவாயில்லை. வேலூர்க் கடையில் 'கோவிந்தன் பெரிய வீடு லட்சுமி'யையும் பக்கத்திலேயே அடுக்கியிருந்தார்கள். யாரோ ஒரு புண்ணியவான் இரண்டையும் சேர்த்துப் போட்டோ எடுத்து, 'கொடுத்து வைத்த கோவிந்தன்' என்று எழுதி வாட்ஸ்அப்பில் விட்டான். மலைக்கு பஸ் ஏறுவது அபூர்வம். அந்தப் போட்டோ மட்டும் ஒரே நாளில் ஏறிவிட்டது.

சரோஜா போனில் அழுதாள். "அக்கா, ஊரே சிரிக்குது. சின்ன வூட்டு லட்சுமி மூட்டையத் திருப்பி எடுத்துனு போய்ட்டாங்க. இனிமே எம் பேரு போட்ட சாமை கீழ போவாதுன்னு சொல்லிட்டாங்க. அவங்க தரலன்னா நெல்லிப்பட்டுல ஒருத்தரும் தர மாட்டாங்க. வெள்ளிக்கிழம லோடு அனுப்பலன்னா கடைக்காரரு வேற எடத்துல வாங்கிக்குவாராம். மிஷின நிறுத்திட்டு நாங்க இன்னா பண்றது?"

அரவைக்கூடத்துக்கு முதன்முதலில் தன் ஊர்ப் பெண்களை அழைத்து வந்ததே இந்த லட்சுமிதான். நெல்லிப்பட்டு சாமை வராவிட்டால் பாதி மூட்டை குறையும். அதைவிட, ஒரு தப்பும் செய்யாத ஒரு பெண்ணின் பெயரை நான் ஊர் சிரிக்க வைத்துவிட்டேன்.

மறுநாள் காலை லட்சுமியே சரோஜாவோடு எங்கள் அலுவலகத்துக்கு வந்துவிட்டார். நாற்பத்தைந்து வயதிருக்கும். இடுப்பில் சொருகிய முந்தானையோடு, கையில் அந்தப் பொட்டலத்தோடு, மாடிப்படி ஏறி வந்து நின்றார். எந்தப் பெரிய வாடிக்கையாளர் வந்தாலும் நாற்காலியை விட்டு அசையாத எங்கள் சார் அன்று எழுந்து நின்றார்.

"இத எழுதுனது யாரு?"

"கம்ப்யூட்டர் தானா மாத்திடுச்சுங்க" என்றேன். வெட்கமில்லாமல் சொன்னேன்.

சார் என் பக்கம் திரும்பினார். "கம்ப்யூட்டர் தானா மாத்துனத நீ பாத்தியாம்மா?"

அவ்வளவுதான் கேட்டார். பொட்டலத்தைப் பார்த்துக்கொண்டே, "இல்லிங்க. நான்தான் எழுதினேன்" என்றேன்.

லட்சுமி பொட்டலத்தை மேசையில் வைத்தார். "எங்க வூட்டுக்காரரு இருக்கிற ஒரு வூட்டுக்கே ஓடு மாத்தல. மழ பேஞ்சா குண்டான வெச்சிகினு உக்காந்துனு இருக்கோம். அவருக்குச் சின்ன வூடு வேறயா? முந்தாநேத்து நானும் அவரும் பஸ் ஏறுனோம். கண்டக்டரு, பெரிய வூட்டுக்கும் சேத்து டிக்கெட் போடட்டுமான்னு கேக்கறான். அதுக்கு இந்தாளு வெக்கப்பட்டுனு சிரிக்கிறாரு. சிரிக்கிறாருங்க! அதுதான் எனக்குத் தாங்கல."

சாருக்குச் சிரிப்பு வந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிற சாக்கில் முகத்தை மறைத்துக்கொண்டார்.

நான் அவசரமாகத் தீர்வு சொல்ல ஆரம்பித்தேன். "சின்னக் குடும்பம்னு போட்டுடலாங்க."

"நாங்க இன்னா குடும்பக் கட்டுப்பாடு விளம்பரமா?"

"இளைய வீடுன்னு..."

"இளையாளுன்னு சொல்றியா?"

"சரிங்க, வீடே வேணாம். லட்சுமி ஒண்ணு, லட்சுமி ரெண்டு."

"ரெண்டாவதுன்னா, யாருக்கு ரெண்டாவது?"

எந்தப் பக்கம் போனாலும் அதே குழியில் போய் விழுந்தேன். தமிழில் இந்த ஒரு உறவுக்கு மட்டும் இத்தனை வழி இருக்கிறதா என்று எனக்கே ஆச்சரியமாகிவிட்டது. சரோஜா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள். அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. அதை இன்றும் நான் வலது பக்கத்தில்தான் எழுதுவேன்.

சார் மெதுவாகக் கேட்டார். "அம்மா, இந்தச் சாமை வூட்லயா வெளையுது?"

"வூட்ல எப்டிங்க வெளையும்? கொல்லையில வெளையுது." எங்கள் பக்கம் கொல்லை என்றால் வீட்டுப் பின்புறம் இல்லை, பயிர் வைக்கும் மேட்டு நிலம்.

"கொல்லைக்குப் பேரு உண்டா?"

லட்சுமி அவரைக் கொஞ்சம் பரிதாபமாகப் பார்த்தார். "பேரு இல்லாம கொல்லை இருக்குமா? என்து கரடிப்பாறைக் கொல்லை. அந்த லட்சுமியது சுனையோரத்துக் கொல்லை."

நான் ஒரு நாள் முழுக்க அங்கே உட்கார்ந்து, மூட்டையைப் பார்த்தேன், தராசைப் பார்த்தேன். சாமை எங்கிருந்து வருகிறது என்று ஒருவரையும் கேட்கவில்லை. ஊர்க்காரி, எல்லாம் தெரியும் என்ற நினைப்பு. உடனே கட்டத்தின் பெயரை மாற்றி, திருத்தப் பட்டியலைப் பிடுங்கி எறிந்துவிட்டு, ஒரு லேபிள் அடித்துக் கொடுத்தேன். 'கோவிந்தன் லட்சுமி, கரடிப்பாறைக் கொல்லை, நெல்லிப்பட்டு.'

லட்சுமி அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து எழுத்துக் கூட்டிப் படித்தார். கொல்லைப் பெயர் வந்ததும் முகம் மலர்ந்தது. மறுபடி முதலிலிருந்து படித்தார். விரலை முதல் வார்த்தையில் வைத்து நிறுத்தினார்.

"இவரு இன்னாத்துக்கு முன்னாடி நிக்கிறாரு?"

"கணவர் பேருங்க."

"அது தெரியுது. உழுதது எங்கண்ணன் ஏரு. வெதச்சது நானு. களையெடுத்தது நானு. பன்னி வராம கொட்டாயில காவலுக்குப் படுத்துனு இருந்தது நானு. வெளைவித்தவருன்னு போட்டு இவரு பேர எழுதுனா, சாமை சிரிக்காதா?"

நான் கணவர் பெயரை அழித்துவிட்டு மறுபடி அச்சுப் பொத்தானை அழுத்தினேன். திரையில் சிவப்பில் ஒரு வரி வந்து நின்றது.

"இன்னா சொல்லுது?" என்றார் லட்சுமி.

"கணவர் அல்லது தந்தை பேரு கட்டாயமாம். இல்லன்னா ஏத்துக்காதாம்."

"அதுக்கு யாரு சொல்லிக் குடுத்தது?"

சார் என்னைப் பார்க்கவில்லை. கையில் இருந்த நோட்டைப் பார்த்தார். அந்த மனிதர் எனக்குக் காட்டிய பெரிய கருணை அதுதான்.

"நான்தாங்க" என்றேன்.

நான் எழுதிய அத்தனை புரோகிராமிலும் அந்த வரி உண்டு. தையல் கடை, துணிக்கடை, கண்ணாடிக் கடை எல்லாவற்றிலும். மூக்குக்கண்ணாடி வாங்க வந்த பெண்ணிடம் கணவர் பெயர் எதற்கு என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை, யாரும் என்னைக் கேட்கவும் இல்லை. எனக்கே கல்யாணத்துக்கு முன்னால் ஒரு எழுத்து, பின்னால் ஒரு எழுத்து. அப்பா அந்தோணியின் 'அ' போய், என் கணவர் ஜோசப்பின் 'ஜோ' வந்தது. சான்றிதழில் ஒன்று, ரேஷன் கார்டில் ஒன்று. இரண்டும் நான்தான் என்று வாழ்நாள் முழுக்க வரிசையில் நின்று நிரூபித்திருக்கிறேன். அப்படிப் பட்ட நானே அடுத்தவளுக்குக் கட்டாயம் என்று எழுதி வைத்திருக்கிறேன். அன்று எனக்கு அழுகை வந்தது. முதலாளிக்கு முன்னால் அழக்கூடாது என்று தண்ணீர் குடித்துச் சமாளித்தேன்.

அந்த வரியை எடுக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. புதிய லேபிள் வெளியே வந்தது. 'லட்சுமி, கரடிப்பாறைக் கொல்லை, நெல்லிப்பட்டு.' லட்சுமி அதை வாங்கி, மடிக்காமல் ஒரு நோட்டுக்குள் வைத்துத் தரச் சொன்னார். நீள நோட்டு ஒன்றை சாரே எடுத்துக் கொடுத்தார்.

நான் அவர்களோடு அன்றே மலையேறினேன். வெள்ளிக்கிழமைக்குள் எல்லாரையும் புதிதாகப் பதிவு செய்ய வேண்டும். நெல்லிப்பட்டு மூட்டைகள் திரும்பி வந்தன. ஒவ்வொரு பெண்ணிடமும் கேட்டேன், கணவர் பெயர் வேண்டுமா வேண்டாமா என்று. நாங்கள் எழுதும் புரோகிராம்களிலேயே இல்லாத கேள்வி அது. ஒருத்தி, "போடுங்க, பாவம், காவலுக்கு வருவாரு" என்றாள். இன்னொருத்தி, "போடாத, ஆனா போடலன்னு அவருகிட்ட சொல்லிடாத" என்றாள். பெரிய வூட்டு லட்சுமி, "இதக் கேக்கறதுக்கா இத்தன வருசம்?" என்றாள்.

லோடு ஏற்றுகிற நேரத்தில் கோவிந்தன் வந்தார். சின்ன வூட்டுக் கோவிந்தன். ஒல்லியான, சாதுவான மனிதர். வாட்ஸ்அப் புகழ் இன்னும் முகத்தில் கொஞ்சம் மிச்சமிருந்தது. அடுக்கியிருந்த பொட்டலங்களில் தன் பெயரைத் தேடினார். ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தார், இன்னொன்றை எடுத்தார்.

"மேடம், எம் பேரு உட்டுப்போச்சு போல இருக்குதே?"

நான் வாயைத் திறப்பதற்குள் தராசுப் பக்கத்திலிருந்து லட்சுமியின் குரல் வந்தது.

"உட்டுப்போவல. களையெடுக்க வா, போடச் சொல்றேன்."

அரவைக்கூடமே சிரித்தது. கோவிந்தனும் சிரித்தார், ஆனால் பஸ்ஸில் சிரித்த சிரிப்பு இல்லை அது. பொட்டலத்தைக் கவனமாக எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு, காதைச் சொரிந்துகொண்டு போனார்.

அடுத்த வருடம் சாமை வந்த சமயத்தில் சரோஜா எனக்குப் புது லேபிள் ஒன்றைப் போட்டோ எடுத்து அனுப்பினாள். கோவிந்தன் பெயர் இருந்தது. லட்சுமிக்குப் பின்னால்.